காணாமற்போன இடம்

வன்தட்டின் அட்டைப்பெட்டியில் 500 ஜிபி என்று அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கணினியில் பொருத்திப் பார்த்தால் விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். வாங்கிய அன்றே 35 ஜிபி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தட்டைச் செய்தவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கின்றனர். விண்டோஸோ 1024 × 1024 × 1024, அதாவது 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. பெரிய படியால் அளந்தால் படிக்கணக்குக் குறையும், நெல் குறைவதில்லை.

சில மாதங்கள் சென்றபின் "இடம் போதவில்லை" என்ற அறிவிப்புத் தோன்றுமாயின், அது வேறு வகைக் குறை. அப்போது இடம் மெய்யாகவே நிரம்பியிருக்கும். ஆனால் நிரப்பியது எது என்பது எளிதில் தெரியாது. கண்ணில் படும் கோப்புறைகளின் அளவைக் கூட்டினால், வரும் தொகை நிரம்பிய இடத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எஞ்சியதை மறைகோப்புகள் பிடித்திருக்கும். கணினி ஆழ்ந்த உறக்கநிலைக்குச் செல்லும்போது நினைவகத்தில் உள்ளவற்றைத் தட்டில் எழுதி வைக்க 'ஹைபர்ஃபில்.சிஸ்' என்றொரு கோப்பு உண்டு. அது மட்டுமே சில ஜிபி இருக்கும். விண்டோஸின் புதிய பதிப்பை நிறுவினால், பழைய பதிப்பு 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறையில் வழக்கமாகப் பத்து நாள் காத்திருக்கும். மறுசுழற்சித் தொட்டியில் இட்டவையும் தொட்டியைக் காலி செய்யும்வரை அதே தட்டில்தான் கிடக்கும். வீட்டுக் குப்பையைக் கூடையில் போட்டுக் கூடையைக் கூடத்திலேயே வைத்திருப்பது போன்றது இது.

இவ்விடத்தை மீட்பதற்கு விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்' என்னும் துப்புரவு நிரல் உண்டு. விண்டோஸ் 98 காலம் முதல் உழைத்துவரும் முதியவர் அது. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அம்முதியவருக்குக் கணக்குப் பிசகியது. 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்ற வரியில் 8.63 ஜிபி நீக்கத்தக்கது எனப் பலருடைய கணினிகளில் காட்டியது. பயனர் நீக்கச் சொன்னார். நிரலும் தன் வேலையைச் செய்து முடித்தது. மீண்டும் திறந்தால் அதே 8.63 ஜிபி அங்கேயே நின்றது! எத்தனை முறை துடைத்தாலும் போகாத கறைபோல் அது பலரை வாட்டியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பின்னர் விளக்கம் அளித்தது: கோப்புகள் முதல் முறையிலேயே நீங்கிவிட்டன, இடமும் திரும்பிவிட்டது, அதன்பின் காட்டப்படும் எண்தான் தவறு. அதுவரை பலர் தட்டில் இல்லாத கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தனர்.

இத்தகைய பிழையைக் கண்டறியத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. தாளும் எழுதுகோலும் போதும். 'சி' தட்டின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' திறந்து, எஞ்சியுள்ள இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். துப்புரவு முடிந்தபின் அதே இடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். எஞ்சிய இடம் சில ஜிபி கூடியிருந்தால் துப்புரவு நடந்துவிட்டது. நிரல் என்ன சொன்னாலும் சொல்லட்டும். சிறு வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. கணினி இயங்கும்போதே தற்காலிகக் கோப்புகளை எழுதியும் அழித்தும் கொண்டிருக்கும்.

நிரல் பாதியில் உறைந்துவிட்டதுபோல் தோன்றுவதும் உண்டு. உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது தவறு. பழைய மேம்படுத்தல்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருப்பதால் அவற்றை நீக்க நெடுநேரம் ஆகலாம். 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, வன்தட்டு இயங்குகிறதா என்று பார்ப்பதே முறை. இயக்கம் இருந்தால் காத்திருக்கலாம். நெடுநேரம் அசைவே இல்லையெனில் நிரலை மூடிக் கணினியை மறுபடி தொடங்கி, 'செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள 'ஸ்டோரேஜ்' வழியாக அதே வேலையைச் செய்யலாம்.

தவறான எண்ணைவிடக் கொடியது அவசரமான விரல். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், துப்புரவுப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் சேர்க்கப்பட்டது. படிக்காமலே எல்லாக் கட்டங்களிலும் குறியிடும் பழக்கம் உடையவர் அதனையும் குறித்துவிடக்கூடும். அக்கோப்புறையில் கிடப்பவை குப்பையா? தேர்வு நுழைவுச்சீட்டு இருக்கும். ஊரிலிருந்து வந்த திருமணப் படங்கள் இருக்கும். தாத்தா பேசி அனுப்பிய குரல்பதிவு இருக்கும். துப்புரவு நிரல் நீக்குபவை மறுசுழற்சித் தொட்டிக்கும் செல்வதில்லை. அங்கே தேடிப் பயனில்லை. பிந்தைய பதிப்பில் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது.

பயிற்சி

1. 500 ஜிபி வன்தட்டு 465 ஜிபி எனத் தோன்றுவது ஏன்? பாடத்தில் வரும் உவமையைக் கொண்டு விளக்குக.

2. 1 டிபி, அதாவது ஓர் இலட்சம் கோடி பைட், கொண்ட வன்தட்டை விண்டோஸ் எத்தனை ஜிபி எனக் காட்டும்? கணக்கிட்டு எழுதுக.

3. பிரித்து எழுதுக: காணாமற்போன, எழுதுகோல், இவ்விடம், பொருட்படுத்தத்தக்கதன்று.

4. வீட்டுப் பெரியவர்களின் இசைவுடன் மறுசுழற்சித் தொட்டியைத் திறந்து, அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க. மீட்க வேண்டியதை மீட்டபின் காலி செய்க. அதற்கு முன்னும் பின்னும் எஞ்சியிருந்த இடத்தைக் குறித்து, ஐந்து வரிகளில் எழுதுக.