அன்னமய்யாவின் மெட்டு எங்கே?

அன்புள்ள சித்தூர் வாசகருக்கு,

திருப்பதியில் நடந்த பாட்டுப் போட்டியில் உங்கள் மகள் 'நானாடி பதுக்கு' கீர்த்தனையை ரேவதியை விட்டு, தன் ஆசிரியை வேறு ராகத்தில் போட்ட மெட்டில் பாடினாள் என்றும், "அன்னமய்யா போட்ட மெட்டை மாற்றலாமா?" என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. ரேவதியில் நாம் கேட்கிற அந்த மெட்டு நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போட்டது. எம்.எஸ். பாடி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. அன்னமய்யா பாடிய மெட்டு இன்று யாரிடமும் இல்லை.

"ஜெர்மனியின் பாகும் கோயிலுக்கு எழுதியவர்தானே, அவர் இசை மட்டும் எப்படி நிலைத்தது?" என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பில் இருந்தார். தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய ஞாயிறுதோறும் ஒரு புதுப் படைப்பு. அவர் போனபின் ஊர் அவற்றைப் பெரிதும் மறந்துவிட்டது, பல தொலைந்தும் போயின. ஆனால் மிஞ்சிய தாள்களில் எந்தக் குரல் எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தது. அதனால்தான் 1829இல், 20 வயது மெண்டல்சன், மத்தேயு எழுதிய பாடுகளின் இசையை பெர்லினில் மறுபடி ஒலிக்கவைக்க முடிந்தது.

இங்கே கதை வேறு. ராஜம்பேட்டை அருகே தாளப்பாக்கத்தில் பிறந்த அன்னமய்யாவுக்கு 16 வயதில், 1424இல், பெருமாள் காட்சி தந்ததாக அவர் பாட்டுகளைப் பொறித்த முதல் செப்பேடே சொல்கிறது. அன்றிலிருந்து 1503இல் மறையும்வரை பாடிக்கொண்டே இருந்தார். மொத்தம் 32,000 என்கிறார் பேரன் சின்னண்ணா. கிடைத்தவை ஏறக்குறைய 12,000. மகன் பெத்த திருமலாச்சாரியார் அவற்றைச் செம்பில் வெட்டுவித்து, திருமலைக் கோயிலுக்குள் உண்டியல் அருகே ஒரு சிற்றறையில் வைக்க ஏற்பாடு செய்தார். அதுதான் சங்கீர்த்தன பண்டாரம். இப்படி ஒரு மகன் வாய்ப்பது எந்த வாக்கேயக்காரருக்கும் பெரும் பேறு.

அந்த ஏடு ஒன்றை நிதானமாகப் பாருங்கள். தெலுங்கு எழுத்து நெருக்கிப் பொறித்திருக்கும். பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர், பிறகு பல்லவி, சரணங்கள். அவ்வளவுதான். ஸ்வரம் கிடையாது, தாளக் குறிப்புகூட அநேகமாக இல்லை. பாடுகிறவர்கள் இருக்கும்வரை அது போதும் என்று நினைத்திருப்பார்கள். பாடும் மரபு அறுந்தபோது சாகித்தியம் மட்டும் நின்றது. (அன்னமய்யா ஊறித் திளைத்த ஆழ்வார் பாசுரங்களுக்கும் இதே கதிதான்: பல பாசுரங்களுக்குப் பண்ணின் பெயர் உண்டு, பழைய இசை இல்லை.)

1922இல் சாது சுப்பிரமணிய சாஸ்திரி இந்த ஏடுகளின் அருமையை வெளியே கொண்டுவந்தார். வேட்டூரி பிரபாகர சாஸ்திரி பதிப்பித்தார். அதன்பின் திருப்பதிக்கு வந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பதிப்பையும் தொடர்ந்தார், பாட்டுகளுக்கு மெட்டும் கொடுத்தார். முகாரியில் நெஞ்சை உருக்குகிற 'பிரம்ம கடிகின பாதமு' அவர் தந்தது. தேவஸ்தானம் 1978இல் அன்னமாச்சார்யா திட்டத்தைத் தொடங்கியது. நேதுநூரியும் கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத்தும் புதுப்புது மெட்டுகளை அமைத்தார்கள். கரிமெள்ள மட்டும் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தவர்.

இவர்களின் பெயரை மேடையில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? எல்லாவற்றையும் அன்னமய்யா கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அதனால்தான் ஒரு குழந்தை பாடிய புது மெட்டு நடுவருக்குக் குற்றமாகப் பட்டது. அதற்காக எந்த மெட்டையும் போடலாம் என்று சொல்லவரவில்லை. செப்பேட்டில் இருக்கும் ராகத்தை முதலில் முயன்று பார்ப்பது மரியாதை. அது வழக்கொழிந்த ராகமாக இருந்தால், அல்லது மனம் வேறொன்றில் படிந்தால், வேறு ராகத்துக்குப் போகலாம். ராள்ளபள்ளி முதல் எல்லாருக்கும் அந்த உரிமை இருந்தது, உங்கள் மகளின் ஆசிரியைக்கும் இருக்கிறது.

அடுத்த முறை பாடுமுன் அவள் இரண்டு பெயர்களைச் சொல்லட்டும்: சாகித்தியம் அன்னமய்யா, மெட்டு இன்னார் என்று. அந்த ஆசிரியை எந்த ராகத்தில் போட்டார் என்பதை நீங்கள் எழுதவே இல்லையே? முடிந்தால் மகள் பாடியதைப் பதிவு செய்து அனுப்புங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்