வெள்ளத்தை வென்ற நெல்லும் மரபணு ஏடுகளும்

நாற்று நட்டுப் பயிர் தூர்கட்டும் வேளையில் வெள்ளம் வந்து வயலை மூடிவிட்டால், ஒரு வாரத்திற்குள் பெரும்பாலான நெல் ரகங்கள் அழுகத் தொடங்கிவிடும். மழை பொய்த்தால் வறட்சி. கடல்நீர் உட்புகுந்தால் உவர். இப்பகைகளைத் தாங்கும் தானியப் பயிர்களை உருவாக்கும் அறிஞர்களுக்கு இன்று வாய்த்துள்ள பெருந்துணை மரபணுத் தகவல் தொகுப்புகளாகும். அவற்றின் பயன் யாது, எல்லை யாது என்பதைத் தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், நெல்லைச் சான்றாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

மரபேடு என்பது யாது?

நெல்லின் உயிரணுவில் 12 இணைக் குரோமோசோம்கள் உள்ளன என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அவற்றிலுள்ள டி.என்.ஏ. இழையை நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நூலுக்கு ஒப்பிடலாம். நெல்லின் நூலில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துக்கள் உண்டு. கோதுமையின் நூலிலோ ஏறத்தாழ 1,600 கோடி! நெல்லின் நூல் சிறியதாகையால், தானியங்களுள் அதுவே முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் கூடி, நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய ரகத்தின் எழுத்து வரிசையை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டன. 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தளித்தவர்கள் நம் நாட்டு அறிஞர்களே.

வெள்ளம் தாங்கும் மரபணு

ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது எஃப்.ஆர்.13ஏ என்னும் ரகம். இது இரண்டு வாரம் வரை முழுவதும் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்தெழும். ஆனால் இதன் விளைச்சல் குறைவு. நல்ல ரகங்களோடு இதைக் கலப்பினம் செய்தபோது, வெள்ளம் தாங்கும் பண்போடு வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வந்தன.

1996ஆம் ஆண்டில், இப்பண்பிற்குரிய இடம் 9ஆம் குரோமோசோமில் இருப்பதாகக் கண்டறிந்தனர். 2006ஆம் ஆண்டில் சப்1ஏ என்னும் மரபணுவே இதற்குக் காரணம் என்பது உறுதியாயிற்று. அது செயற்படும் விதம் வியப்பூட்டுவது. சாதாரண நெற்பயிர் மூழ்கியதும் நீருக்கு மேல் தலைநீட்ட விரைந்து வளர்கிறது. அம்முயற்சியிலேயே சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்து மடிகிறது. சப்1ஏ உள்ள பயிரோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு உணவைச் சேமிக்கிறது. நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது.

மரபணுவின் இருப்பிடம் தெரிந்தபின் வேலை எளிதாயிற்று. நாற்றின் சிறு இலைத்துண்டை ஆய்ந்தே சப்1ஏ உள்ளதா எனக் கூறிவிடலாம். ஒவ்வொரு தலைமுறையையும் நீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. இம்முறையில், ஸ்வர்ணா என்னும் புகழ்பெற்ற ரகத்தோடு மீண்டும் மீண்டும் பின்கலப்புச் செய்து பெற்ற ஸ்வர்ணா சப்1, 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழகத்திற்கெனவும் சி.ஆர்.1009 சப்1 என்னும் ரகம் பின்னர் உருவாக்கப்பட்டது.

ஒரே ஏடு போதுமா?

இங்கே நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல நாடுகள் கூடிப் படித்த நிப்பான்பாரேயின் நூலில் சப்1ஏ இல்லை! மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் வேரை வளர்க்கும் மரபணு ஒன்றைக் கசலத் என்னும் பழைய ரகத்திலிருந்து 2012ஆம் ஆண்டில் கண்டுபிடித்தனர். அதுவும் அந்நூலில் இல்லை. ஆகவே, ஒரு ரகத்தின் ஏட்டை மட்டும் புரட்டினால் இவற்றைக் கண்டிருக்கவே முடியாது. துன்பத்தில் வாழ்ந்து பழகிய நாட்டு ரகங்களின் ஏடுகளே அவற்றைக் காத்து வைத்திருந்தன.

இவ்வுண்மையை உணர்ந்தே, 89 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 நெல் ரகங்களின் எழுத்து வரிசைகளைப் படித்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றினிடையே 2 கோடியே 90 லட்சம் எழுத்து வேறுபாடுகள் இருப்பதாக 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவ்வேறுபாடுகளை எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கும்படி, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஸ்னிப்-சீக் என்னும் தொகுப்பை அமைத்தது. கோதுமை, பார்லி முதலியவற்றிற்குக் கிரெய்ன்ஜீன்ஸ், மக்காச்சோளத்திற்கு மெய்ஸ் ஜி.டி.பி. எனத் தனித்தனித் தொகுப்புகளும் உள்ளன.

எழுத்தும் பொருளும்

எனினும், எழுத்து வரிசை மட்டும் விடை தந்துவிடாது. எந்த ரகம் வெள்ளத்தில் பிழைத்தது, எது வறட்சியில் கதிர்விட்டது என்பதை வயலில் நின்று அளந்து குறித்தவர் இல்லையேல், அக்கோடிக்கணக்கான எழுத்துக்கள் பொருள் தெரியாத கல்வெட்டாகவே நிற்கும். வறட்சி தாங்கும் பண்போ இன்னும் சிக்கலானது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தரும் பயன் அது. மண்ணும் பருவமும் மாறினால் அதுவும் மாறும். எனவே பல இடங்களில், பல ஆண்டுகள் எடுத்த வயற்குறிப்புகள் எழுத்து வரிசையோடு இணைக்கப்பட வேண்டும். எழுத்துக்களைப் படிக்கும் செலவு பெரிதும் குறைந்துவிட்ட இந்நாளில், வயலில் செடியை அளப்பதே அரிய பணியாகிவிட்டது என்பது என் கருத்து.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, நாட்டு ரகங்களைக் காப்பது. ஒரு ரகம் மறையும்போது, இன்னும் எவரும் படிக்காத ஏடு ஒன்று எரிந்துபோகிறது. இரண்டாவது, அளந்து குறிக்கும் பழக்கம். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரி மாணவர்களும், தம் ஊர் வயல்களில் விளையும் ரகங்களின் இயல்பைப் பருவந்தோறும் முறையாகக் குறித்து வைக்கலாம். பொதுத் தொகுப்புகளைக் கணிப்பொறியில் திறந்து பார்க்கலாம். நம் செய்முறைக் குறிப்பேட்டில் செடியின் உயரத்தையும் தூர்களின் எண்ணிக்கையையும் எழுதும்போது, அதை மதிப்பெண்ணுக்கான வேலை என்று மட்டும் எண்ணாதிருப்போமாக!