மாற்றும் முன் பாருங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு அக்காவின் டிப்ஸ்

கல்கிசையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். அப்பா விட்டுப்போன 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் அந்த உப்புக்காற்றில்தான் நிற்கிறது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது மாதக்கணக்கில் அதை வெளியே எடுக்கவில்லை. கியூ.ஆர். முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் திறப்பைப் போட்டோம். இயந்திரம் இழுத்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

தம்பி அதை ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டான். முதலில் பற்றரியை மாற்றினார்கள். பிறகு ஸ்ராட்டர் மோட்டாரைக் கழற்றி மாற்றினார்கள். அதன் பிறகு கொயில். மூன்று பில் கட்டியும் கார் அதே மாதிரித்தான் இழுத்தது. கடைசியில் மொறிஸ் மைனரில் கை பழகிய வயதான பாஸ் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். தம்பியை ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டு அவர் சோக் கேபிளில் கை வைத்துப் பார்த்தார். கேபிள் சுட்டது. இயந்திரத்துக்கும் கார் உடம்புக்கும் இடையில் இருக்கிற எர்த் பட்டியில் கறள் ஏறிவிட்டது. ஸ்ராட்டருக்குப் போகவேண்டிய மின்சாரம் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளால் போய்க்கொண்டிருந்தது. பட்டியைக் கழற்றி, இரண்டு முனையையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினார். ஒரே சுற்றில் பிடித்தது.

அன்றைக்கு நான் ஒரு கொப்பி வாங்கி, கார் சொல்வதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்தக் கொப்பியில் உள்ளதைத்தான் இங்கே தருகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: காரணம் தெரியும்வரை ஒரு சாமானையும் மாற்றாதீர்கள்.

மிட்ஜெட் 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. அதன் அண்ணன் எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை வந்தது. அளவுகளை எங்கள் 1275 சி.சி. மிட்ஜெட்டுக்குத்தான் சொல்கிறேன். பார்க்கிற முறை அந்தக் காலத்து எந்தக் காருக்கும் பொருந்தும்.

1. ஸ்ராட் ஆகாவிட்டால் முதலில் காதைக் கொடுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். வெளிச்சம் மங்கி அணையப் பார்த்தால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது பற்றரி முனைகளில் பூஞ்சைபோல வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கிறது. வெளிச்சம் அப்படியே நின்று, மோட்டாரும் சத்தம் போடாமல் இருந்தால், மின்சாரம் ஸ்ராட்டருக்குப் போய்ச் சேரவில்லை; சுவிட்சையும் சொலினொயிட்டையும் பாருங்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால் எர்த் பட்டியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி மல்டிமீற்றரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். அந்த அளவு இருந்தும் கார் சுற்றாவிட்டால் பற்றரி வாங்க ஓடாதீர்கள்.

2. சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? நெருப்பு, பெற்றோல் என்ற ஒழுங்கில் பாருங்கள்

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு சேர்த்து இயந்திரத்தின் இரும்பில் படும்படி வையுங்கள். இன்னொருவர் ஸ்ராட் பண்ணட்டும். நீலமாக, ‘டிக்’ என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, சோர்ந்து வந்தால் பொயின்ற், கண்டன்சர், கொயில் ஆகியவற்றைப் பாருங்கள். பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.64 மில்லிமீற்றர். பிளக் வயர்களைக் கழற்றினால் 1-3-4-2 என்ற ஒழுங்கில் திருப்பிப் போடவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யும்போது பக்கத்தில் பெற்றோல் கசிவு இருக்கக்கூடாது. வயரை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது.

பொறி சரியென்றால் பெற்றோலுக்குப் போங்கள். 1275 சி.சி. மிட்ஜெட்டின் மின்சாரப் பம்ப் பின்பக்கம் கீழே இருக்கிறது. திறப்பைத் திருப்பியதும் அது ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஒழுகுகிறது. சத்தமே இல்லாவிட்டால் வயரையும் பம்பின் எர்த்தையும் பாருங்கள். கனநாள் நின்ற காரில் பம்பின் உள்தொடுகைகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டினால் உயிர் வரும். அது வீடு போய்ச் சேரும் வழி மட்டும்தான். அடுத்த நாளே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

3. காலி வீதி நெரிசலில் நின்று, இருபது நிமிடம் கழித்துப் பிடித்தால்

வெள்ளவத்தையில் பின்னேரம் ஐந்து மணிக்குச் சிக்கியவர்களுக்கு இந்த வருத்தம் தெரியும். இதற்குக் காரணம் இரண்டு. சூட்டில் கண்டன்சரோ கொயிலோ சோர்ந்துபோயிருக்கலாம். அல்லது காபரேற்றருக்குள் பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். ஆறின பிறகு பார்த்தால் இரண்டுமே ஒன்றுபோலத் தெரியும். ஆகவே கார் நின்ற அந்த நிமிடத்திலேயே, ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளக்கில் பொறி இருக்கிறதா என்று பாருங்கள். பொறி இல்லையென்றால் முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். அது சின்னச் சாமான், விலையும் குறைவு, ஒன்றை எப்போதும் காரில் வைத்திருங்கள். பொறி இருந்தால் சூடுதான் எதிரி. காபரேற்றருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் இருக்கவேண்டிய தகடு இருக்கிறதா, பெற்றோல் குழாய் சூடான இடத்தில் உரசுகிறதா என்று பாருங்கள்.

4. காபரேற்றரில் கடைசியாகத்தான் கை வையுங்கள்

இரட்டை எஸ்.யூ. காபரேற்றரைப் பார்த்தால் எல்லோருக்கும் திருகிப் பார்க்க ஆசை வரும். வால்வு இடைவெளி, பொயின்ற், பிளக், இக்னிஷன் ரைமிங் நான்கும் சரியான பிறகுதான் அதைத் தொடவேண்டும். அதற்கு முன் தொட்டால் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேரும்.

அக்சிலரேற்றரை அமத்தும்போது கார் ஒரு கணம் தயங்கினால், காபரேற்றரின் மேல் மூடியைக் கழற்றி ஒயில் இருக்கிறதா பாருங்கள். மூடியைத் திருப்பி உள்ளே அமத்தும்போது ஒயிலின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கொஞ்சம் ஒயில் விடுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் வருத்தம்.

கலவை சரியா என்று பார்க்க, சூடான இயந்திரம் ஓடும்போது உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். இயந்திரம் சோர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் சற்றுக் கூடித் திரும்பினால் சரி.

5. வெப்பமானி முள் ஏறினால்

ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அரை மணிநேரமாவது விடுங்கள். சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

வேகமாக ஓடும்போது சரியாக இருந்து, நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறிப் பெல்ற்றையும், ரேடியேற்றரின் சிறகுகளுக்குள் அடைந்த தூசியையும் பாருங்கள். ஓடும்போதும் சூடேறினால் உள்ளே அடைப்பு இருக்கலாம், ரைமிங் பிந்தியிருக்கலாம். ‘எங்கட சூட்டுக்கு தேர்மோஸ்ரற் தேவையில்லை’ என்று சிலர் அதைக் கழற்றி எறிவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். சூடான நாடுகளுக்கென்றே 74 பாகையில் திறக்கும் தேர்மோஸ்ரற் இந்த இயந்திரங்களுக்கு இருக்கிறது.

கரையோரக் கிணற்றுத் தண்ணியை ரேடியேற்றரில் விடாதீர்கள். அதில் உள்ள உப்பு உள்ளிருந்தே தின்னும். வடித்த தண்ணியும் கூலன்ற்றும் கலந்து விடுங்கள்.

6. பிளஸ் எர்த்தா, மைனஸ் எர்த்தா?

1967 கடைசிவரை வந்த மிட்ஜெட்டுகளில் பற்றரியின் பிளஸ் முனைதான் கார் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் மைனஸ். இது தெரியாமல் ரேடியோவோ எலெக்ட்ரோனிக் இக்னிஷனோ பூட்டினால் அந்த நொடியிலேயே எரியும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் ஆண்டை நம்பாமல், எந்த வயர் உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பார்த்ததை ஒரு துண்டில் எழுதி பற்றரிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னொருவர் உதவிக்கு வந்து ஜம்ப் கேபிள் பூட்டும்போது அந்தத் துண்டு காப்பாற்றும்.

டைனமோ உள்ள கார் சந்தியில் நிற்கும்போது வெளிச்சம் மங்குவதும் சிவப்பு விளக்கு மினுங்குவதும் இயல்பு. வேகம் கூடியதும் அந்த விளக்கு அணையவேண்டும். அணையாவிட்டால் பெல்ற்றிலிருந்து தொடங்குங்கள்.

7. பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அந்தக் காலத்துக் கார்கள் அநேகமானவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த்தொகுதி. ஓரிடத்தில் ஒழுகினால் மிதிக்கு ஒன்றுமே இருக்காது. அப்போது கைப்பிரேக் மட்டும்தான் மிச்சம். ஆகவே அது இறுக்கமாக வேலை செய்யவேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்கரையில் அது இன்னும் கெதியாக நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். மிதி பஞ்சுபோல இருந்தால் குழாய்க்குள் காற்று. மெல்ல மெல்ல நிலம்வரை இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. கார் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்க பிஸ்டன் இறுகியிருக்கலாம். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் இறுக்கிக் கட்டி ஓடாதீர்கள். இந்த வேலையை உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

8. கறள்: கடல் எழுதும் பில்

இயந்திரம் பழுதானால் திருத்தலாம்; உடம்பு கறளேறினால் அது அவ்வளவு லேசில்லை. மிட்ஜெட்டுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்புதான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, கால் வைக்கும் தரை, பின்ஸ்பிரிங் பூட்டும் இடம் மூன்றையும் மாதம் ஒருமுறை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு. மொத்தென்று கேட்டால் கறளும் பூச்சும். கதவின் அடியில் தண்ணி வடியும் துளைகளை ஒரு கம்பியால் திறந்து வையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணியால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிளாஸ்ரிக் தறப்பாளால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கும். காற்றுப் போகும் பருத்தித் துணி நல்லது.

9. எந்தப் பெற்றோல்?

மேட்டில் ஏறும்போது, ரின்னுக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோலச் சத்தம் வந்தால், பெற்றோல் முந்திப் பற்றுகிறது. 92க்குப் பதில் 95 அடித்துப் பாருங்கள். அப்படியும் கேட்டால் ரைமிங்கைப் பாருங்கள்.

இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. பழைய வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் காப்பு. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.30 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அது குறைந்துகொண்டே வந்தால், இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கைகளைப் போடச் சொல்லுங்கள்.

10. பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன்

கொழும்பில் கார் சாமான் கடைகள் நிறைந்த இடம் பஞ்சிகாவத்தை. அங்கே போகும்போது பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லி வாங்கினால் பிழைக்கும். பொருத்திப் பார்த்து வாங்கினால் பிழைக்காது. எங்கள் 1275 சி.சி. மிட்ஜெட்டின் இயந்திரமும் மொறிஸ் மைனர் 1000இன் இயந்திரமும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம். ஆகவே ‘ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக்’ என்று தேடாமல், மைனரில் கை பழகிய பாஸ்மாரைக் கேளுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் பெயரும் திகதியும் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். அசல் சாமான் ஒருமுறை கையை விட்டுப் போனால் திரும்பி வராது.

எங்கள் வீட்டில் அந்தப் பழைய ஸ்ராட்டர் மோட்டார் இல்லை. பழுதே இல்லாத அது, மாற்றிய இடத்திலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பா கைபட்ட சாமான். உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது. இன்றைக்கே ஒரு கொப்பியும் மல்டிமீற்றரும் ரோச் லைற்றும் வாங்கிக் காரில் வையுங்கள். அடுத்த முறை கார் நின்றால் முதலில் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள், எழுதுங்கள். ஸ்பனரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.