தோப்புக் கணக்கும் தொலைக்காட்சிக் கணக்கும்



2025 ஆகஸ்ட் மாதம், திருப்பதியில் படிக்கும் என் தங்கை மகன் சித்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகன். "மாமா, நம்ம அணி வேலைகளையே நிறுத்தி வைத்துவிட்டதாம். பெங்களூரு அணியில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாதாம். இத்தனை பேர் பார்க்கும் ஆட்டத்தில் பணம் எப்படி இல்லாமல் போகும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

கால்பந்துக் கழகத்துக்கு நுழைவுச்சீட்டு, விளம்பரம், ஒளிபரப்பு உரிமை ஆகிய மூன்று வழிகளில் வருமானம் வருகிறது. பற்றாக்குறையை உரிமையாளர் ஈடுகட்டுவார். ஒளிபரப்பு உரிமையைப் பெரும்பாலும் லீக் அமைப்பே சில ஆண்டுகளுக்கு மொத்தமாக விற்று, கழகங்களுக்குப் பங்கிடும்.

இங்கிலாந்தில் 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கி, ஸ்கை தொலைக்காட்சியின் பணம் வந்தபின், ஆட்டக்காரர் சம்பளம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு கழகம் அதிகம் கொடுத்தால் மற்றதும் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேரிடும். ஆகவே வந்த பணம் கையில் தங்குவதில்லை.

அதற்கடுத்த பிரிவுகளை நடத்திய ஃபுட்பால் லீக், 2000-ஆம் ஆண்டு ஐ.டி.வி. டிஜிட்டல் நிறுவனத்துடன் மூன்று ஆண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. அதை நம்பிப் பல கழகங்கள் பெரிய சம்பளம் பேசிவிட்டன. 2002-இல் அந்த நிறுவனம் மூழ்கியது. 17.85 கோடி பவுண்டு வராமலே போயிற்று. தாய் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கும் தோற்றது. அவற்றிடம் முறையான உத்தரவாதம் எழுதி வாங்கியிருக்கவில்லை. வரவு நின்றது, பேசிய சம்பளமோ நிற்கவில்லை.

நம் நாட்டில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளை 2010 டிசம்பரில் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒரே தரப்பிடம் ஒப்படைத்தது. 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். அதன்மேல்தான் நின்றது. 2025 டிசம்பரில் ஒப்பந்தம் முடியவிருந்தது. புதுப்பிப்பதில் உடன்பாடு இல்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய போட்டி தொடங்கவில்லை. போட்டி நடக்குமா என்பதே தெரியாதபோது சம்பளம் எங்கிருந்து வரும்?

மருமகனுக்கு இன்னும் தெளியவில்லை. தோப்புக்கு அழைத்துப்போனேன். 2024-இல் கிளிமூக்கு மாங்காய்க்கு நல்ல விலை கிடைத்தது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கி, பக்கத்துத் தோப்பையும் குத்தகைக்கு எடுத்தேன். 2025-இல் கூழ் ஆலை வாசலில் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. ஆலை வாங்கினால்தானே விலை? என் காயில் பாதி மரத்தடியிலேயே அழுகியது. குத்தகைப் பணத்தை மட்டும் குறைக்க முடியவில்லை.

"அப்படியானால் நீங்களும் அந்தக் கழகங்கள் மாதிரிதான் மாமா" என்றான். சிரிப்பு வரவில்லை, உண்மைதான்.

ஒரே இடத்திலிருந்து வரும் பணம் எவ்வளவு பெரிதானாலும், அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தத் தேதியைத் தாண்டி நீளும் செலவை அதை நம்பி ஏற்காதீர்கள். வெளியூர் வேலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கும் நம் குடும்பங்களுக்கும் இதுவே கணக்கு. அடுத்த விளைச்சலுக்குள் குத்தகைத் தோப்பைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன்.