வசனம் எழுதாத நாடகம்

சங்க ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் சேர்த்துப் பார்த்த அன்பர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பக்க வசனத்தை மனப்பாடம் செய்ய உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு நேரமில்லை. பிள்ளைகளுக்கு நேரம் இருந்தாலும் தமிழ் எழுத்துப் படிக்க வராது. அவர்களுக்காக வசனத்தை நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தால், 'பழம்' மேடையில் 'பலம்' ஆகிவிடுகிறது. ஆனால் இதே பிள்ளைகள் வீட்டில் பாட்டியோடு தமிழில்தான் சண்டை போடுகிறார்கள், அதுவும் சரளமாக. பேசத் தெரிந்தவர்களை வைத்து, படிக்கவே தேவையில்லாத நாடகம் ஒன்று போட முடியுமா?

முடியும் என்பது என் அபிப்பிராயம். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளப் பராமரிப்பில் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இங்கே மும்பையில், 'இம்ப்ரோவ்' என்கிற உடனடி நகைச்சுவை நாடக வகுப்பில் சேர்ந்தேன். ஆரம்பப் படிகளைத் தாண்டி, எட்டு வார உயர்நிலை வகுப்பையும் இப்போது முடித்திருக்கிறேன். வகுப்பில் பன்னிரண்டு பேர். என்னை விட்டால் மூத்தவருக்கு வயது முப்பத்து நான்கு. அங்கே கற்றதில் நமக்கு உதவக் கூடியதை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கலையின் பிறப்பே நம் பிரச்சினைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், 1930-களின் கடைசியில், பல தேசங்களிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்க வேண்டியிருந்தது. மொழியும் பழக்கமும் வேறு வேறான அந்தப் பிள்ளைகளுக்காக அவர் வசனத்தை விட்டுவிட்டு விளையாட்டுகளை உருவாக்கினார். 1963-இல் அவை புத்தகமாகவும் வந்தன. அவர் மகன் பால் சில்ஸ், 1959-இல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இதில் குறும்வடிவம், நெடும்வடிவம் என்று இரண்டு உண்டு. குறும்வடிவம் நாலைந்து நிமிஷ விளையாட்டு. விதி இன்னது என்று சபைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நெடும்வடிவத்தில் சபையிலிருந்து ஒரே ஒரு சொல்லை வாங்கிக் கொண்டு, அதிலிருந்து அரை மணி நேர நாடகத்தை அங்கேயே கட்ட வேண்டும். அதில் புகழ்பெற்றது 'ஹெரால்ட்'. 1967-இல் சான் பிரான்சிஸ்கோவின் 'தி கமிட்டி' குழுவில் உருவானது. பெயருக்கு அர்த்தம் கிடையாது. குழுவின் இசைக்கலைஞர் வேடிக்கையாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைப் பிற்பாடு வளர்த்தவர் டெல் குளோஸ். 1980-களில் சிகாகோவில் சார்னா ஹால்பெர்ன் என்ற அம்மையாருடன் சேர்ந்து அதைப் பாடமாக்கினார். (1999-இல் காலமான இவர், தம் மண்டையோட்டை ஹாம்லெட் நாடகத்துக்குப் பயன்படுத்தும்படி ஒரு நாடக அரங்குக்கு உயில் எழுதி வைத்தார். அரங்குக்குப் போய்ச் சேர்ந்தது அவருடையதல்ல, விலைக்கு வாங்கிய மண்டையோடு என்று 2006-இல் அந்த அம்மையாரே ஒப்புக்கொண்டார். நகைச்சுவைக்காரரின் உயில் வேறெப்படி நிறைவேறும்!)

ஹெரால்டின் அமைப்பு இது: தொடக்கம், மூன்று காட்சிகள், எல்லோரும் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு, அதே மூன்று காட்சிகளின் அடுத்த கட்டம், இன்னொரு கூட்டு விளையாட்டு, கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று மோதும் கட்டம். எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். கிடைத்த சொல் 'குடை'.

தொடக்கத்தில் ஆளுக்கொன்றாகக் குடையைப் பற்றி நினைவுக்கு வந்ததைச் சொன்னார்கள்: இரவல் கொடுத்தது, ரயிலில் மறந்தது, வானிலை அறிக்கையை நம்பிக் கெட்டது. முதல் காட்சியில் மாப்பிள்ளை, மாமனார் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கேட்க வருகிறார். மாமனாரோ, "இது எங்கள் வீட்டில் வளர்ந்த குடை" என்கிறார். இரண்டாவது, ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகம். அங்கே குமாஸ்தா நான். பொருளை இழந்தவர் அதன் மீது உண்மையில் அன்பு வைத்திருந்தாரா என்று விசாரிக்காமல் தர மாட்டேன். மூன்றாவதில், வானிலை அதிகாரி 'மழை இல்லை' என்று சொல்லிவிட்டாரே என்று குடும்பமே நனைந்தபடி சாப்பிடுகிறது.

ஒவ்வொரு காட்சியிலும் ஒரே ஒரு விசித்திரம் இருப்பதைக் கவனியுங்கள். அதைத்தான் காட்சியின் 'கேம்' என்கிறார்கள். அடுத்த கட்டத்தில் கதையை நீட்டக் கூடாது. இது உண்மையானால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்கும் என்று கேட்க வேண்டும். மாமனார் வீட்டில் பக்கத்து வீட்டு ஏணிக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது. நான் வங்கிக் காசாளராகி, பணம் எடுக்க வந்தவரிடம், "இந்தப் பணத்தைக் கடைசியாக எப்போது நினைத்தீர்கள்?" என்றேன். வானிலை அதிகாரி மகளின் கல்யாணம் கூரையில்லாத பந்தலில் ஏற்பாடானது. முடிவுக் கட்டத்தில் அந்தக் கல்யாணத்தில் மழை. கையில் குடையோடு இருப்பவர் மாமனார் ஒருவரே. குமாஸ்தாவாக நான் உள்ளே நுழைந்ததுமே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு எழுந்தது. கச்சேரியில் கற்பனை ஸ்வரம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவியின் எடுப்பில் வந்து விழும்போது சபைக்கு ஏற்படும் அதே திருப்திதான்.

எல்லோரும் கேட்கும் சந்தேகம்: 'ஆமாம், மேலும்' என்பதுதானே இதன் விதி, மாமனார் எப்படி மறுக்கலாம்? பாத்திரம் தாராளமாக மறுக்கலாம். நடிகர்தான் மறுக்கக் கூடாது. "குடையைத் தர மாட்டேன்" என்பது நாடகம். "குடையா? நீ யாரென்றே எனக்குத் தெரியாது" என்பது கூட நடிப்பவரின் கையைப் பிடித்துக் கிணற்றில் இறக்குவது.

காட்சியை வெட்டுவதும் நடிகர்களே. பின்சுவரோரம் நிற்பவர்களில் ஒருவர் மேடையின் முன்புறம் குறுக்கே ஓடினால் காட்சி முடிந்தது என்று பொருள். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே ஓட வேண்டும். அது அடங்கிய பிறகு ஓடினால் பயனில்லை. ரயில்வேக்காரனுக்கு லைன் கிளியர் ஞாபகம் வரும். ஆனால் இங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதனால்தான் சுவரோரம் நிற்பவர், ஆடுபவரை விடக் கூர்மையாகக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பு இந்தியும் ஆங்கிலமும் கலந்து நடந்தது. தமிழில் செய்தால் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. யார், யாருக்கு என்ன உறவு என்பதை முதல் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் நிறுவிவிட வேண்டும் என்பது பாடம். ஆங்கிலத்தில் அதற்கு மெனக்கெட வேண்டும். நாம் "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்றால் முடிந்தது. "என்னங்க" என்ற ஒரு சொல்லில் கல்யாணமான இருபது வருஷத்தைக் காட்டிவிடலாம். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கும் யாரை 'வா' என்பது, யாரை 'வாங்க' என்பது என்று தெரியும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதல் பயிற்சி: இருவர் பேச வேண்டும், ஒருவர் முடித்த கடைசிச் சொல்லில் மற்றவர் தொடங்க வேண்டும். நம் அந்தாதிதான். ஆங்கிலத்திலும் இது செய்கிறார்கள், ஆனால் தமிழில் பயிற்சி கடினமாகிறது, பயனும் கூடுகிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "அண்ணன் நேற்று ராத்திரி பணத்தை எடுத்துக்கொண்டு..." என்பது வரையில் கேட்டவருக்கு வந்தானா, ஓடினானா தெரியாது. "ஓடிட்டான்" என்று முடிந்த பிறகுதான், "ஓடிட்டான்னு போலீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்று தொடங்க முடியும். பாதியிலேயே பதிலைத் தயார் செய்கிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பெரியவர் ஒருவரும் பள்ளிப் பிள்ளை ஒருவருமாக ஜோடி சேருங்கள்; ஜோடிக்கு மூன்று நிமிஷம் போதும். எட்டுப் பேரும் இரண்டு நாற்காலியும் இருந்தால், ஞாயிறு மாலை சங்கக் கூடத்திலேயே தொடங்கலாம்.