தானே விழும் கொண்டி

இயந்திரத் தொழில் பயிலும் நம்மவர் பிள்ளை ஒருவர் சென்ற விடுமுறையில் ஒரு வேலையுடன் நம்மிடம் வந்தார். சுருள்வில், காந்தம், மின்சாரம் எதுவும் இல்லாமல், கதவைச் சாத்தியதும் தானே மாட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் ஒன்றை அமைக்க வேண்டும். ஒரு விரலால் அதைத் திறக்கவும் முடிய வேண்டும். இதுவே ஆசிரியர் இட்ட நிபந்தனை. நமது கிட்டங்கியின் பின்கதவையே சோதனைக்குக் கொடுத்தோம். அதில் நாம் கற்றவை, பிள்ளைகளின் படிப்பில் கவனம் உள்ள பெற்றோருக்கும் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் பயன்படலாம்.

யோசனை மிகப் பழையது. பண்டைய எகிப்திலும் மேற்காசியாவிலும் இருந்த மரப் பூட்டுகளில், சிறு மரக்குச்சிகள் தம் பாரத்தாலேயே தாழ்ப்பாளின் துளைகளில் விழுந்து அதைத் தடுத்து நிற்கும். பற்கள் உள்ள சாவியால் அவற்றை மேலே தூக்கினால்தான் தாழ்ப்பாள் நகரும். 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் அதே முறையை உலோகத்தில் சிறிய உருவில் அமைத்து, குச்சிகளின் மேல் சுருள்வில்லை வைத்தார். வில் நாளடைவில் தளரும், கடற்காற்றில் துருப்பிடிக்கும். பூமியின் ஈர்ப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, கூலியும் கேட்பதில்லை!

நமது மாணவர் எடுத்துக்கொண்டது 150 மில்லிமீட்டர் நீளமும் 25 அகலமும் 5 கனமும் உள்ள இரும்புப் பட்டை. இதுதான் கொண்டி. இதன் எடை ஏறக்குறைய 147 கிராம். ஒரு முனையிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளித் துளையிட்டு, போல்ட் ஒன்றால் கதவின் வெளிப்புறத்தில் மாட்டினார். மறுமுனை கதவின் விளிம்பைத் தாண்டி, நிலையில் அறைந்த கொக்கியில் போய் விழ வேண்டும்.

பழைய சந்தைகளில் டாச்சிங் கோல் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு எளிது. பட்டையின் பாரம் முழுவதும் அதன் நடுவில் இருப்பதாகக் கொள்ளலாம். அந்த நடு, போல்ட்டிலிருந்து 5 சென்டிமீட்டர். 147-ஐ 5-ஆல் பெருக்கினால் 735. கொக்கி 12 சென்டிமீட்டரில் இருக்கிறது. 735-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60 வரும். அதாவது கொக்கியின் இடத்தில் 60 கிராம் பாரத்தைத் தூக்கும் அளவு விரல் அழுத்தினால் கொண்டி எழும்பும். ஒரு குழந்தைக்கும் அது முடியும்.

ஆனால் முதல் நாள் கொண்டி விழவே இல்லை! தூக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளை கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கணக்கில் பிழை இல்லை. போல்ட்டின் நட்டை ஆன மட்டும் இறுக்கியிருந்தார், அவ்வளவுதான். விழும் கொண்டியை இறுக்கக்கூடாது. இருபுறமும் வாஷர் இட்டு, ஒரு நட்டைத் தளர்வாக நிறுத்தி, அது கழன்றுவிடாதபடி அதன்மேல் இன்னொரு நட்டை இறுக்க வேண்டும். போல்ட்டின்மேல் சாயம் பூசுவதும் ஆகாது. காய்ந்த சாயம் பசை போலப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கொக்கியின் சரிவு. கதவு சாத்தப்படும்போது கொண்டி இந்தச் சரிவில் ஏறித்தான் அப்பால் விழ வேண்டும். இரும்போடு இரும்பு உராயும் அளவை 0.3 என்று கொண்டால், 30 பாகைச் சரிவில் ஏற, தூக்கும் பாரத்திற்குக் கிட்டத்தட்டச் சமமான தள்ளுதல் போதும். 60 பாகையானால் நான்கு மடங்குக்கும் மேல் வேண்டும். 73 பாகையைத் தாண்டினால் யானையே தள்ளினாலும் ஏறாது, கொக்கிதான் வளையும். அழகுக்காகச் செங்குத்தாக வெட்டும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கொக்கியின் பின்முகம் இதற்கு நேர்மாறானது. அது செங்குத்தாக, இன்னும் சொன்னால் 5 பாகை அளவுக்குக் கொண்டியின் மேலே சாய்ந்திருப்பது நல்லது. அப்போது கதவை இழுக்க இழுக்கக் கொண்டி கீழே அமுங்கும். முகம் மறுபக்கம் சரிந்திருந்தால், பலமாக இழுத்ததும் கொண்டி மேலே வழுக்கித் திறந்துவிடும். இழுப்பை மெல்லிய போல்ட் தாங்கக்கூடாது. கதவின் விளிம்பை ஒட்டி, கொண்டியைச் சுற்றி ஒரு வளைதகடு அறைந்து அதைத் தாங்கச் செய்ய வேண்டும்.

15 மில்லிமீட்டர் விழுவதற்குக் கொண்டிக்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு பிடிக்கும். ஓங்கிச் சாத்தினால் கதவு அதற்குள் மோதித் திரும்பிவிடுகிறது. நிலையில் ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டியதும் இந்தக் குறை தீர்ந்தது.

இவ்வகைக் கொண்டி பூட்டு ஆகாது. இடுக்கில் மெல்லிய தகட்டை நுழைத்து எவரும் தூக்கிவிடலாம். லாரியின் பெட்டிக் கதவுக்கும் உதவாது. வண்டி குழியில் இறங்கும் கணத்தில் கொண்டியின் பாரம் இல்லாததுபோல் ஆகிவிடும். சரக்கு சாலையில் கிடக்கும்.

எல்லாம் முடிந்து, கொண்டி ஐம்பது முறையும் தவறாமல் விழுந்தது. அன்று மாலை கடைப் பையன் மூட்டை எடுக்க உள்ளே போனான். காற்றில் கதவு சாத்திக்கொண்டது, கொண்டியும் கடமை தவறாமல் விழுந்தது. நாம் முன்புறம் பெட்டியடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தட்டிய சத்தம் நமக்கு எட்டவில்லை. அரைமணி நேரம் கழித்துத் திறந்தபோது பையன் வியர்த்து, பேச்சின்றி நின்றான். நெருப்பு ஏதும் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதவு நம்முடையது, உள்ளிருந்து திறக்க வழி உண்டா என்று மாணவரைக் கேட்காததும் நாம்தான்.

மறுநாளே கதவில் ஒரு நீள்துளை போட்டு, அதன் வழியே ஏற்றப்பலகை போல ஆடும் சிறு நெம்புகோல் ஒன்றை அமைத்தார். உள்ளிருப்பவர் அதைக் கீழே அழுத்தினால் வெளிமுனை எழும்பிக் கொண்டியைத் தூக்கும். முதலில் உட்கைப்பிடி கனமாக இருந்தபடியால், யாரும் தொடாமலே கொண்டி பாதி தூக்கி நின்றது. மீண்டும் டாச்சிங் கணக்குத்தான்: உட்புறத்தைச் சுருக்கி, வெளிமுனையில் இரண்டு வாஷர்களைப் பொருத்தினார், கொண்டி முழுதும் இறங்கியது. இருட்டில் தெரியும்படி கைப்பிடிக்கு வெள்ளைச் சாயம் பூசினோம். முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திச் சோதித்தவன் அந்தப் பையன்தான்.