கத்தி பிடிக்கிற கையில் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயசு 54. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன்னே ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம் முடிய ஏழரை ஆகிவிடும். துபாயில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஒல்லியான ஃபிட்னஸ் பேண்ட் ஒன்றைக் கையில் கட்டிவிட்டுப் போனான். இதயத் துடிப்பு காட்டுமாம். மரத்தில் வெட்டிக்கொண்டு நிற்கையில் 150, 160 என்கிறது. எனக்கோ மூச்சுகூட வாங்கவில்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் 82 என்கிறது. அப்போதுதான் நெஞ்சு அடிக்கிறது. பிரஷருக்கு ரெண்டு வருஷமாக மெட்டோப்ரலால் மாத்திரை சாப்பிடுகிறேன். வரும் சிவராத்திரிக்கு சாலயம் (சிவாலய ஓட்டம்) ஓடுவதாக நேர்ந்திருக்கிறேன். நம்பரைப் பார்த்துப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள். இதை நம்பலாமா, கழற்றிப் போட்டுவிடவா?
— ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: கழற்ற வேண்டாம் அண்ணாச்சி. எந்த நேரத்தில் அது சொல்வதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். (தமிழில் பட்டை என்று எழுதலாம்தான். உங்கள் தொழிலில் பட்டை என்றால் மரப்பட்டை ஆகிவிடும். அதனால் பேண்ட் என்றே வைத்துக்கொள்வோம்.)

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும். திரும்பி வரும் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தை. ஈ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்கிறது. பேண்டோ மணிக்கட்டில் ரத்தம் வந்து போவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. பேச்சிப்பாறை அணையில் எத்தனை தடவை ஷட்டர் தூக்கினார்கள் என்பதைக் கடைசி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சொல்வது மாதிரி. வாய்க்காலில் எருமை இறங்கிவிட்டால் கணக்குப் போச்சு.

உங்கள் விஷயத்தில் எருமை, கத்தி. பட்டையைச் சீவி இழுக்கும்போது மணிக்கட்டு முறுகுகிறது, நரம்புகள் புடைத்து இறங்குகின்றன, பேண்டும் தோலும் விலகி விலகி ஒட்டுகின்றன. இந்த அசைவும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். ஒரே தாளத்தில் அசைவு வந்தால் பேண்ட் அதையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். அந்த 160 பெரும்பாலும் உங்கள் கை போட்ட தாளம். வாளி தூக்கும்போது நடப்பது வேறு. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டுத் தோலில் ரத்த ஓட்டம் குறைகிறது. சென்சாருக்குப் பிடி கிடைக்காமல், சும்மா நிற்கையில் இருந்த பழைய நம்பரிலேயே நிற்கிறது.

இன்னொரு கோளாறு தாமதம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கீழே பறளியாற்றங்கரையிலிருந்து படியேறி மேலே வந்தேன். 1966-இல் கட்டிய பாலம், 115 அடி உயரம். மேலே வந்து நின்றபோது என் பேண்ட் 88 காட்டியது. கழுத்தில் விரலை வைத்து எண்ணினால் 130-க்கு மேல். காற்று வாங்கிக்கொண்டு நின்று, துடிப்பு இறங்க ஆரம்பித்த பிறகு, பேண்ட் சாவகாசமாக 126-க்கு ஏறியது. திடீர் திடீரென்று ஏறி இறங்கும் வேலைக்கு அது பெரும்பாலும் கொஞ்சம் பின்னால்தான் வரும்.

நம் கறுத்த தோலுக்கு இது ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத் தோல்காரர்கள் 53 பேரை வைத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உடல் அசையும்போது வரும் பிழை, சும்மா இருக்கும்போது வருவதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம்.

ஆக, சும்மா இருக்கும்போது இது யோக்கியன். தூங்கி எழுந்து, கட்டன்சாயா குடிக்குமுன், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு நம்பர் பாருங்கள். இரண்டு வாரம் காலண்டரில் எழுதுங்கள். 64, 66, 63 என்று போய்க்கொண்டிருப்பது திடீரென்று மூன்று நாள் 78-இல் நின்றால் காய்ச்சல் வரப்போகிறதோ, தூக்கம் போதவில்லையோ, வேறு ஏதுமோ என்று யோசிக்கலாம். ஒல்லி பேண்டின் பலமே இங்கேதான். கையில் இருப்பதே தெரியாது, அதனால் ராத்திரியும் கட்டிக்கொண்டு தூங்கலாம். பல மாடல்கள் ஒரு சார்ஜில் பத்து நாளுக்கு மேல் ஓடும். பெரிய ஸ்மார்ட் வாட்ச்காரர்கள் பலர் தினமும் ராத்திரி கழற்றிச் சார்ஜில் போட்டுவிடுகிறார்கள். தூக்கத்தில் துடிப்பு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிடச் சட்டையைக் கழற்றும் ஆட்கள்கூட இதைக் கழற்றுவதில்லை, பார்த்திருப்பீர்கள்.

கலோரிக் கணக்கை மறந்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்ததில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மிகச் சிறந்தது என்று வந்ததே 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93. எத்தனை எட்டு நடந்தீர்கள் என்ற கணக்கும் அப்படித்தான். கை ஆடினால் எட்டு. தோட்டத்துக் குழி ரோட்டில் பைக்கில் போனால் அதற்கும் நாலு எட்டு சேரும். பேண்டில் பிரஷர் காட்டுகிறதா? அதை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள். சர்க்கரை காட்டும் வாட்ச் என்று யாராவது விற்க வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஊசி குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் வாட்ச் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது.

இனி மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். மெட்டோப்ரலால் இதயத் துடிப்பையே அடக்கி வைக்கும் மருந்து. பேண்டோ 220-இலிருந்து வயசைக் கழித்து, உங்களுக்கு உச்சம் 166 என்று வைத்துக்கொண்டு, இது லேசான பயிற்சி, இது கடுமையான பயிற்சி என்று கலர் கலராகக் காட்டும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கோடுகள் பொருந்தாது. உயிரைக் கொடுத்து ஓடினாலும் ‘இன்னும் வேகமாக’ என்று அது சொல்லலாம், கேட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

இனி சாலய ஓட்டம். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகலும் ராத்திரியுமாக. 54 வயசில், பிரஷரோடு ஓடுமுன் டாக்டரைப் பாருங்கள். ஈ.சி.ஜி.யும், அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் உங்களுக்கு எட்டாத தூரமில்லை. ஓடும்போதும் சரியான துடிப்பு தெரிய வேண்டுமென்றால் நெஞ்சில் கட்டும் பெல்ட் வாங்குங்கள். அது இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கும். பின்லாந்தின் போலார் கம்பெனி 1982-லேயே கம்பியில்லாமல் செய்துவிட்ட சங்கதி. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ கண் இருட்டினாலோ பேண்ட் 70 காட்டினாலும் 170 காட்டினாலும் உட்கார்ந்துவிடுங்கள். நேர்ச்சையை அடுத்த வருஷம் முடித்துக்கொள்ளலாம்.

கட்டும் விதம்: மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, வெளிச்சம் கசியாத அளவு இறுக்கம், கத்தி பிடிக்காத கை. வேர்வையில் பேண்டுக்கடியில் தோல் அரித்துப் புண்ணாகும். வேலை முடிந்ததும் கழற்றிக் கழுவி, கையும் உலர்ந்த பிறகு கட்டுங்கள். ஷீட்டுக்குப் பால் உறைய வைக்கிறபோது ஆசிட் தெறிக்கும், அப்போது வேண்டவே வேண்டாம். தூரம் சொல்ல இந்த மாதிரிப் பேண்டுகள் பெரும்பாலானவற்றில் ஜி.பி.எஸ். கிடையாது, எட்டை வைத்துத்தான் கணிக்கும். ஆகவே ஓட்டத்தன்று, விசிறி பிடித்து வீசிக்கொண்டே ஓடும் கையில் கட்டாதீர்கள்.